பேங்க், எஸ்எஸ்சி இங்கிலீஷுக்கு எது சரி வரும்: கோச்சிங்கா, ஆப்பா, பேப்பரா, ஸ்கூல் புக்கா?

போன மாசம் சித்தி பொண்ணு போன் பண்ணி "அக்கா, பேங்க் எக்ஸாமும் எஸ்எஸ்சியும் போடப் போறேன், இங்கிலீஷுக்கு மட்டும் ஏதாச்சும் கிளாஸ் சேரணுமா, இல்ல ஆப் வாங்கினா போதுமா"ன்னு கேட்டா. எஸ்எஸ்சின்னா மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கற தேர்வு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ்ல பிஎஸ்சி மேத்ஸ், அதனால கணக்கும் ரீசனிங்கும் அவளுக்கு பயமில்ல, இங்கிலீஷ்னு சொன்னாதான் குரல் இறங்கிடுது. நானும் அதே வழியில வந்தவதான். கிளார்க் எக்ஸாம்ல ரெண்டு தடவை மொத்த மார்க் நல்லா இருந்தும் இங்கிலீஷ் கட்ஆஃப்ல போச்சு, மூணாவது தடவைதான் கிடைச்சுது. அந்த மூணு வருஷத்துல கோச்சிங், ஆப், இங்கிலீஷ் பேப்பர்ல வர்ற தலையங்கம் (எடிட்டோரியல்), ஸ்கூல் புக்குன்னு நாலையும் செஞ்சு பாத்துட்டேன், அதனால அவளுக்கு போன்ல சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், இதே குழப்பத்துல இருக்கற வேற யாருக்காவது ஆகும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த எக்ஸாம் எதை கேக்குதுன்னு பாத்துடுங்க. பேங்க் எக்ஸாம் நடத்தற ஐபிபிஎஸ்ஸோட பிரிலிம்ஸ்ல, அதாவது முதல் கட்டத் தேர்வுல, இங்கிலீஷ் 30 கேள்வி, 30 மார்க், 20 நிமிஷம், அதாவது ஒரு கேள்விக்கு 40 செகண்ட். அந்த 20 நிமிஷம் முடிஞ்சா முடிஞ்சதுதான், கணக்குல மிச்சம் புடிச்ச நேரத்தை இங்க கொண்டு வர முடியாது. தப்பா போட்டா கால் மார்க் போகும், இங்கிலீஷுக்குன்னு தனி கட்ஆஃப் வேற இருக்கு. கிளார்க் எக்ஸாமை இப்ப தமிழ்லயும் எழுதலாம்னு வந்தாச்சு, ஆனா இங்கிலீஷ் பகுதி இங்கிலீஷ்லதான் இருக்கும், அதுல இருந்து தப்பிக்க வழி இல்ல.

எஸ்எஸ்சி சிஜிஎல்ல (டிகிரி முடிச்சவங்களுக்கான தேர்வு) டியர் ஒன்ல, அதாவது முதல் கட்டத்துல, 25 கேள்விக்கு 50 மார்க், தப்புக்கு அரை மார்க் போகும். டியர் டூல 45 கேள்விக்கு 135 மார்க், தப்புக்கு முழுசா ஒரு மார்க். மெரிட்டுக்கு எடுக்கற 390ல இது 135ன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல. இதுல எழுத்துப்பிழை உள்ள வார்த்தையை கண்டுபிடின்னு நேரடியாவே கேப்பாங்க. பேங்க்ல அந்த மாதிரி கேள்வி வந்தாலும் அதிக கனம் பேசேஜ்லதான் (நீளமா எழுதிக் குடுத்து அதுல இருந்து கேள்வி கேக்கறது), அதுவும் பொருளாதாரம், கம்பெனி, விவசாயம்னு நீட்டமா இருக்கும். அதனால எஸ்எஸ்சிதான் குறின்னா ஸ்பெல்லிங்குக்கு அதிக நேரம், பேங்க்னா பேசேஜுக்கு அதிக நேரம். இதை எனக்கு முதல் வருஷம் யாரும் சொல்லல. ஸ்பெல்லிங் காதும் கையும் சேர்ந்து செய்யற வேலை, பேசேஜ் படிக்கறது வாக்கியத்தை பிரிச்சு போடற வேலை, ரெண்டும் ஒரே பயிற்சியில வராது. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

கோச்சிங் சென்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். மதுரையில ஒரு சென்டர்ல பன்னெண்டாயிரம் கட்டி சேர்ந்தேன், அப்ப வீட்ல அது பெரிய பணம், அம்மா சீட்டு எடுத்து குடுத்தாங்க. ஒரு ரூம்ல அறுபது பேர். முதல் நாளே மூவாயிரம் வார்த்தை இருக்கற ஜெராக்ஸ் கட்டை குடுத்து தினம் ஐம்பது மனப்பாடம் பண்ணுங்கன்னாங்க. சார் போர்டுல ரூல் எழுதுவாரு, நாங்க நோட்ல எழுதுவோம், ஆனா ஆறு மாசத்துல ஒரு நாள் கூட என் நோட்டை ஒருத்தரும் வாங்கி திருத்தல. நான் செப்பரேட்னு எழுதறப்ப நடுவுல ஈ போட்டுக்கிட்டே இருந்திருக்கேன், அங்க ஏ வரணும்னு எனக்கு தெரிஞ்சது அடுத்த வருஷம். கோச்சிங்கே வேஸ்ட்னு சொல்ல வரல, வீட்ல உக்காந்தா படிக்க விடாம வேலை சொல்லிக்கிட்டே இருக்கற வீட்டு பொண்ணுங்களுக்கு காலையில கிளம்பி போக ஒரு இடம் இருக்கறதே பெரிய விஷயம், கூட படிக்கறவங்களும் கிடைப்பாங்க, வாராவாரம் டெஸ்ட் இருக்கும். ஆனா சேரறதுக்கு முன்னாடி "நான் எழுதறதை யார் திருத்துவாங்க"ன்னு வாய் விட்டு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா கணக்குக்கு வேணா சேருங்க, இங்கிலீஷுக்காக சேராதீங்க.

பணம் இல்லாதவங்களுக்கு வேற கதவும் இருக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, அங்க போட்டித் தேர்வுக்கு இலவசமா கிளாஸ் எடுக்கறாங்க. நான் முதல்வன் திட்டத்துல போட்டித் தேர்வுக்குன்னு தனி பிரிவு இருக்கு, அறிவிப்பு வர்றப்ப விண்ணப்பிக்கணும். மதுரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு புது நத்தம் ரோட்ல 2023 ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் போட்டித் தேர்வு புத்தகம் இருக்கு, நாள் முழுக்க உக்காந்து படிக்கலாம்.

ஆப், யூடியூப், டெலிகிராம் குரூப்பு இதெல்லாம் ஒரே ரகம்னு வச்சு பேசறேன். விலை கம்மி, பஸ்ல போறப்ப கூட பாக்கலாம், டைம் வச்சு மாக் டெஸ்ட் எழுதறதுக்கு இதை விட்டா வேற நல்ல வழி இல்ல. பேசேஜை ஸ்கிரீன்ல படிக்கறது பேப்பர்ல படிக்கற மாதிரி இருக்காது, பென்சிலால கோடு போட முடியாது, ஸ்க்ரோல் பண்ணணும், அந்த பழக்கம் எக்ஸாமுக்கு ரெண்டு மாசம் முன்னாடியாவது வந்தாகணும். அதுக்கு ஆப் வேணும். ஆனா ஸ்பெல்லிங்கை ஆப்ல மட்டும் பழகினா கெட்டுத்தான் போகும். ஏன்னா ஒவ்வொரு கேள்வியிலயும் ஒரே வார்த்தையை நாலு விதமா எழுதி வச்சிருப்பான், மூணு தப்பு ஒண்ணு சரி. ஒரு நாளைக்கு நூறு கேள்வி போட்டா முன்னூறு தப்பான ஸ்பெல்லிங் கண்ணுல பட்டிருக்கும். கொஞ்ச நாள்ல எல்லாமே எங்கயோ பாத்த மாதிரியே தெரியும், சரியானதும் தப்பானதும் ஒரே முகமா ஆயிடும். எனக்கு கமிட்டீ அப்படித்தான் போச்சு, எம் ரெண்டு, டி ரெண்டு, ஈ ரெண்டுன்னு இப்ப தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன், ஆனா அந்த வருஷம் ஆப்ல பாத்து பாத்து எது சரின்னே தெரியாம போயிடுச்சு. இன்னொண்ணு, போன்ல டைப் பண்ணி பழகாதீங்க, நீங்க பாதி அடிக்கறதுக்குள்ள அது முழு வார்த்தையை மேல காட்டிடும், உங்க கை எதையும் கத்துக்காது. கீபோர்டு அமெரிக்கன் இங்கிலீஷ்ல இருந்தா கலர்ல யூவை தூக்கிடும், நம்ம பேப்பர்லயும் புத்தகத்துலயும் வர்றது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அங்க யூ இருக்கும். செட்டிங்க்ஸ்ல மாத்தி வச்சுக்கோங்க.

பழைய கொஸ்டின் பேப்பர்னு விக்கறதுலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. எஸ்எஸ்சி எழுதினவங்களுக்கு அவங்க கேள்வித்தாளும் பதிலும் ஆன்லைன்ல காட்டுவாங்க, அதனால அந்த பழைய பேப்பர் நிஜமானது. ஐபிபிஎஸ் கேள்வித்தாளை வெளியிடறதே இல்ல, எழுதிட்டு வந்தவங்க ஞாபகத்துல இருந்து சொன்னதை வச்சு தயாரிக்கறதுதான் சுத்துது. கேள்வியோட வகை தெரிஞ்சுக்க அது போதும், ஆனா பேசேஜ் எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது தி இந்து எடிட்டோரியல். எங்க போனாலும் முதல் அட்வைஸ் இதுதான், "டெய்லி எடிட்டோரியல் படி, இங்கிலீஷ் தானா வரும்". 1878ல இருந்து வர்ற பேப்பர், அதோட இங்கிலீஷ் தரமானது, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பிள்ளைக்கு முதல் படியே அதுன்னா ஏற முடியாது. நானும் ஒரு மாசம் படிச்சேன், ஒரு எடிட்டோரியலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், நாப்பது வார்த்தைக்கு அர்த்தம் பாத்து பென்சில்ல மேல எழுதுவேன், கடைசியில அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு கேட்டா தெரியாது. வார்த்தை தெரியாததுதான் காரணம்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன்.

காரணம் வேற எங்கயோ இருந்துச்சு, அது சித்தி பொண்ணுக்கு சொல்லிக் குடுக்கறப்பதான் எனக்கே தெளிவாச்சு. மேட்டூர் அணை பத்தி நானே ஒரு வாக்கியம் எழுதி குடுத்தேன்: "அன்லெஸ் தி மான்சூன் ரிவைவ்ஸ், தி டேம் வில் நாட் பி ஓபன்டு ஆன் ஜூன் 12." ஜூன் 12 குறுவைக்கு தண்ணி திறக்கற வழக்கமான தேதி, அவளுக்கு அது நல்லா தெரியும். மான்சூன் தெரியும், டேம் தெரியும், ரிவைவ் கூட தெரியும். அர்த்தம் சொல்லுன்னா "மழை திரும்ப வந்துச்சு, அதனால அணை திறக்கல"ங்கறா. ஒரு வார்த்தை கூட தெரியாதது இல்ல, ஆனா அர்த்தம் தலைகீழ். அன்லெஸ்ங்கற வார்த்தைக்குள்ளயே ஒரு "இல்லாட்டி" ஒளிஞ்சிருக்கு, "மழை மறுபடி பிடிக்காட்டி அணையை திறக்க மாட்டாங்க"ன்னு வரணும். நாப்பது வார்த்தைக்கு அர்த்தம் எழுதியிருந்தாலும் இந்த ஒண்ணு தவறினா அத்தனையும் போச்சு. அன்லெஸ், ஆல்தோ, டிஸ்பைட், ஹார்ட்லி, எக்செப்ட், இந்த மாதிரி வாக்கியத்தை திருப்பற வார்த்தை ஒரு முப்பதுதான் இருக்கும், மூவாயிரம் வார்த்தை ஜெராக்ஸுக்கு முன்னாடி அந்த முப்பதை கரைச்சு குடிங்க.

இன்னொரு சிக்கல், இங்கிலீஷ் வாக்கியம் நம்மளோடதுக்கு நேர் எதிர்த்திசையில வளரும். "தி ஃபார்மர் ஹூ சோல்டு தி லேண்ட் ஹிஸ் ஃபாதர் பாட்"ங்கறதை தமிழ்ல சொன்னா "அப்பா வாங்கின நிலத்தை வித்த விவசாயி". கவனிச்சு பாருங்க, இங்கிலீஷ்ல முதல்ல வர்ற விவசாயி தமிழ்ல கடைசியில நிக்கறான், கடைசியில வந்த அப்பா முதல்ல நிக்கறாரு. நாம வினைச்சொல்லுக்காக கடைசி வரைக்கும் காத்திருந்து பழகினவங்க, இங்கிலீஷ்ல அது முன்னாடியே வந்துட்டு போயிடும், நாம கவனிக்காம தாண்டி போயிட்டு வாக்கியம் முடிஞ்சப்புறம் தேடுவோம். அதனால பேசேஜ் படிக்கறப்ப யார், என்ன செஞ்சாங்க இந்த ரெண்டை மட்டும் முதல்ல விரல் வச்சு புடிங்க, மிச்சமெல்லாம் அதுல தொங்கற வால். இதை ஒரு மாசம் செஞ்சாலே வேகம் வரும்.

இதுக்கு எடிட்டோரியலை விட எனக்கு கை குடுத்தது பிஐபி. மத்திய அரசோட பத்திரிகை தகவல் அலுவலகம், அவங்க செய்திக்குறிப்பு நிறைய தமிழ்லயும் வரும், இங்கிலீஷ்லயும் வரும், ரெண்டும் இலவசம். முதல்ல தமிழ்ல படிச்சுடுங்க, விஷயம் மண்டையில ஏறிடும், அப்புறம் அதையே இங்கிலீஷ்ல படிச்சா எந்த வாக்கியம் எப்படி மாறியிருக்குன்னு கண்ணுக்கு நேரா தெரியும். மொழிபெயர்ப்பு சில இடத்துல கரடுமுரடா இருக்கும், பரவாயில்ல. பேங்க் பேசேஜ்ல வர்ற திட்டம், வட்டி, ஏற்றுமதி, பயிர் காப்பீடு இந்த விஷயமெல்லாம் அதுலயே இருக்கறதால கரன்ட் அஃபேர்ஸும் சேர்ந்து வரும். எடிட்டோரியலை நாலு மாசம் கழிச்சு எடுங்க. அப்ப எடுத்தா அது நிஜமாவே பலன் குடுக்கும், எழுதினவர் ஆதரிக்கறாரா எதிர்க்கறாரான்னு கேக்கற டோன் கேள்விக்கெல்லாம் எடிட்டோரியல் மாதிரி பயிற்சி வேற எதுலயும் கிடைக்காது.

கடைசியா ஸ்கூல் புக். சொன்னா நிறைய பேர் "டிகிரி முடிச்சுட்டு எட்டாம் கிளாஸ் புக்கா"ன்னு கூச்சப்படறாங்க. கூச்சப்படவே வேணாம். நம்ம தமிழ்நாடு பாடநூல் இங்கிலீஷ் புக்கு ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, ஒவ்வொரு பாடத்துக்கு பின்னாடியும் கேள்வி இருக்கு, வாக்கியம் கொஞ்சம் கொஞ்சமா நீளும், படி படியா ஏத்தி விடும். எட்டாம் கிளாஸ்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு நாலு பாடம் போனா நாலஞ்சு மாசத்துல பிளஸ் டூ புக்கை முடிச்சுடலாம்.

அதே புக்கை வச்சுத்தான் டிக்டேஷன். வீட்ல யாராவது ஒரு பத்தியை சத்தமா வாசிக்கணும், நீங்க பேனாவால எழுதணும், அப்புறம் புக்கை பாத்து நீங்களே சிவப்பு பேனாவுல திருத்தணும். தப்பான வார்த்தையை மட்டும் தனி நோட்ல ஏத்தணும், ஆனா தப்பான ஸ்பெல்லிங்கை அந்த நோட்ல எழுதவே கூடாது, சரியானதை மட்டும். என் நோட்ல ஆறு மாசத்துல சேர்ந்தது இருநூத்தி சொச்சம் வார்த்தைதான், அதாவது என்னோட பிரச்சினை மூவாயிரம் கிடையாது, இருநூறு. உங்களோட இருநூறு வேறயா இருக்கும், அதை எந்த சென்டரும் ஜெராக்ஸ் போட்டு குடுக்க முடியாது.

அந்த நோட்டை ஒரு மாசம் கழிச்சு பாத்தா ஜாடை புரிய ஆரம்பிக்கும். எனக்கு பாதி தப்பு இரட்டை எழுத்துல. அக்காமடேஷன்ல சி ரெண்டு, எம் ரெண்டு. ஹராஸ்ல ஆர் ஒண்ணு எஸ் ரெண்டு, எம்பராஸ்ல ரெண்டுமே ரெண்டு. மீதி பாதி, வார்த்தை நீளறப்ப நடுவுல மாறறது: மெயின்டெயின்ல டிக்கு அப்புறம் ஏஐ, மெயின்டெனன்ஸ்ல டிக்கு அப்புறம் வெறும் ஈ. ப்ரொனவுன்ஸ்ல ஓயூ, ப்ரொனன்சியேஷன்ல ஓ காணாம போயிடும். சீட்னு முடியற வார்த்தை எல்லாருக்கும் குழப்பம், ஆனா கணக்கு சின்னது: சூப்பர்சீட் ஒண்ணுலதான் கடைசியில எஸ்ஈடிஈ வரும், எக்சீட், ப்ரொசீட், சக்சீட் இந்த மூணுல சிஈஈடி, மிச்சம் எல்லாமே சிஈடிஈ.

காது ஏன் முக்கியம்னா, வார்த்தை நீளறப்ப கடைசி எழுத்து இரட்டிக்குமான்னு இங்கிலீஷ்ல பெரும்பாலும் அழுத்தம்தான் சொல்லுது. ரெஃபர்ங்கறதுல அழுத்தம் பின்னாடி ஃபர்ல விழுது, அதனால ரெஃபர்டுன்னு ஆகறப்ப ஆர் ரெண்டாகும். ஆஃபர்ல அழுத்தம் முன்னாடி, அதனால ஆஃபர்டுல கடைசி ஆர் ஒண்ணுதான். ரெஃபரன்ஸ்னு சொல்றப்ப அழுத்தம் முன்னாடி தாவிடுது, உடனே ஆரும் ஒண்ணாயிடுது. நாம தமிழ்ல எந்த எழுத்தையும் இப்படி அழுத்தி பேசி பழகல, அதனால கண்ணால பாத்து மட்டும் இது வராது. ஆகாசவாணி இங்கிலீஷ் நியூஸ் தினம் கேளுங்க, நிதானமா தெளிவா வாசிப்பாங்க.

டிக்டேஷன் வாசிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஸ்பெல்லிங் வாயால சொல்றப்ப பி எந்த பின்னு சொல்லிடுங்க, பாம்பே பியா பாண்டிச்சேரி பியா. ரிசீட்ல ஒலிக்காம உக்காந்திருக்கறது பாண்டிச்சேரி பி. கடனுக்கு சொல்ற டெட்ல ஒலிக்காம இருக்கறது பாம்பே பி, பிரெஞ்சுல இருந்து வந்தப்ப அந்த எழுத்தே கிடையாது, லத்தீன் மூலத்துல இருந்துச்சுன்னு படிச்சவங்க பின்னாடி சேர்த்தாங்க. இப்படி ஒரு கதை தெரிஞ்சா அந்த வார்த்தை அப்புறம் தப்பவே தப்பாது. சுருட்டுல இருந்து இங்கிலீஷுக்கு போன செரூட், கட்டுமரத்துல இருந்து போன கேட்டமரான், இதெல்லாம் நம்ம வீட்டு பிள்ளைங்க வேற சட்டை போட்டு நிக்கற மாதிரி, பாக்கறப்ப எனக்கு இன்னமும் சந்தோஷமா இருக்கும்.

சரி, யாருக்கு எது. எட்டாம் கிளாஸ் பாடத்துல ஒரு பக்கம் படிச்சு அஞ்சு கேள்விக்கு நாலு சரியா சொல்ல முடியலன்னா கோச்சிங்குக்கும் ஆப்புக்கும் இப்ப காசு செலவு பண்ணாதீங்க, ஸ்கூல் புக்கும் டிக்டேஷனும் மட்டும் மூணு மாசம். அதுல பிரச்சினை இல்ல, பேசேஜ்ல நேரம்தான் பத்தலன்னா பிஐபியும் ஆப் மாக் டெஸ்ட்டும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சு சரளமா வாசிக்கறவங்க நேரா எடிட்டோரியலுக்கும் எஸ்எஸ்சி பழைய பேப்பருக்கும் போயிடலாம், ஸ்பெல்லிங் நோட்டை மட்டும் விட்டுடாதீங்க, பேச வர்றவங்களுக்கும் எழுத்துல ஓட்டை இருக்கும். வீட்ல படிக்க சூழ்நிலையே இல்லன்னா இலவச வகுப்பு, இல்லாட்டி நூலகம், அதுவும் கிட்டத்துல இல்லன்னாதான் காசு குடுத்து கோச்சிங்.

சித்தி பொண்ணு இப்ப ஒன்பதாம் கிளாஸ் புக்ல இருக்கா. அவ வீட்ல டிக்டேஷன் வாசிக்க ஆள் இல்ல, அம்மா ஆறாவது வரைக்கும் படிச்சவங்க, தம்பி ஹாஸ்டல்ல. அதனால ராத்திரி சமையல் வேலை முடிஞ்சதும் பாடத்துல ஒரு பத்தியை அவளே நிதானமா போன்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கறா. அப்புறம் ஆகாசவாணி கேட்டு உச்சரிப்பு சந்தேகம் இருந்தா மட்டும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா. ரெண்டு நாள் விட்டு, பாடம் மறந்தப்புறம், காலையில அஞ்சரைக்கு எழுந்து அந்த ரெக்கார்டை போட்டு கேட்டு எழுதறா. ரெண்டு நாள் விடறது முக்கியம், அன்னிக்கே எழுதினா ஞாபகத்துல இருந்துதான் எழுதுவோம்.